மாப்பிள்ளை கழற்றிய கரி டப்பா

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் சும்மா விடாத ஓர் ஆண்பிள்ளை எல்லா வீட்டிலும் இருப்பான். மிக்ஸி ஒழுங்காக அரைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது. ஸ்க்ரூ டிரைவரோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். சாயங்காலம் பார்த்தால் மிக்ஸி பழையபடி நிற்கும், சில ஸ்க்ரூக்கள் மட்டும் தரையில் மிச்சமாகக் கிடக்கும். "இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா எக்ஸ்ட்ராவா மாட்டுறது" என்பான். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். (மிச்சமான ஸ்க்ரூக்களை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வந்தேன். பாட்டில் நிறைந்ததும் இன்னொரு பாட்டில் வாங்கினேனே தவிர, ஒரு நிமிடம் நின்று யோசித்தேனா? இல்லை.)

தொழிலில் நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் இருக்கிற வண்டிகளுக்கெல்லாம் விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்று அடுத்தவரைப் பயமுறுத்திச் சோறு தின்கிறவன். இந்தத் தொழிலால் எனக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. ஏஜென்ட் என்றதும் பெண் வீட்டார் முகம் சுருங்கிவிடும். பெண் பார்க்க வந்த இடத்தில் பாலிசி போடச் சொல்லிவிடுவானோ என்று பயம். (வீண்பழி என்று சொல்ல ஆசைதான். ஆனால் நிலக்கோட்டையில் ஒரு வீட்டில் பஜ்ஜி தின்றுகொண்டே பெண்ணின் சித்தப்பாவிடம் ஒரு பாலிசியை விளக்கினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போனே வரவில்லை.)

அப்படிப்பட்டவனுக்கு ஆயக்குடியில் மகேஸ்வரி சரி என்றாள். கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற குடும்பம். பழனியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பெண் பார்த்த அன்று அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "காரு நீங்களே ஓட்டுவீங்களா?" அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண் என் காரில் மயங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். என்னிடம் இருந்ததோ கைமாறிக் கைமாறி வந்த பழைய பெட்ரோல் கார். சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்து, செங்கல் சூளையில் நிறுத்திவைத்ததுபோல இருக்கும். பூ வைக்கப் போகும் நாளில் இந்தக் காரை ராஜரதமாக்கிவிட வேண்டும் என்று சபதம் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு வீடியோ வந்து தொலைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்து, தேங்காய் அளவில் இருந்த கறுப்பு டப்பா ஒன்றைக் காட்டினான். "இது உங்க வண்டிக்குத் தேவையே இல்லாத சாமான். கழட்டி எறிங்க. மைலேஜ் கூடும், வண்டி பறக்கும்" என்றான். நான் ஓடிப்போய் என் பானெட்டைத் திறந்தேன். அதே டப்பா! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாளாக என் காரைப் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது இந்தச் சனியன்தானா?

அது என்ன என்பதை இப்போது சொல்கிறேன், கேளுங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி ஒரு குழாய் வழியாக இந்த டப்பாவுக்கு வரும். டப்பாவுக்குள் கரி நிரப்பியிருக்கும். கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். காற்றும் கெடாது, வண்டிக்குள் நாற்றமும் வராது. இது இன்றைய அறிவு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் டப்பா கறுப்பாக இருக்கிறது, கழற்றுவது சுலபம், இவ்வளவுதான்.

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏலே செந்திலு, ஓடுற வண்டிய எதுக்குடா கொடையுற?"

"தேவையில்லாத சாமான்ம்மா. வெளிநாட்டுச் சட்டத்துக்குப் பயந்து வச்சிருக்கான்."

"தேவையில்லாததக் காசு போட்டு மாட்டிவிட கம்பெனிக்காரன் என்ன ஒன்னிய மாதிரிக் கிறுக்கனா?"

பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் செய்வதுபோல, "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு டப்பாவைப் பிடுங்கினேன். டேங்கிலிருந்து வந்த குழாயின் வாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதை அப்படியே பானெட்டுக்குள் ஓர் ஓரமாகச் செருகிவிட்டேன். பிறகு, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று டப்பாவை ரம்பத்தால் அறுத்தேன். பொலபொலவென்று கரி கொட்டியது. என் முகம், பனியன், காயப்போட்ட வேட்டி எல்லாம் கறுப்பு. "பாத்தியாம்மா, வெறும் கரி! இஸ்திரிக் கடையவே சொமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கு என் வண்டி!" என்று வெற்றி முழக்கம் செய்தேன். அம்மா வேட்டியைத் திரும்பத் துவைக்கப் போட்டாள்.

அன்று சாயங்காலம் ஊரைச் சுற்றி வந்தபோது கார் உண்மையிலேயே பறப்பதாக எனக்குத் தோன்றியது. கொஞ்சம் பெட்ரோல் வாடை வந்தது. அதுவும் வீரமான வாடையாகத்தான் தெரிந்தது.

பூ வைக்கப் போகும் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பூ, பழம், புடவையோடு பெண் வீட்டுக்குப் போய், பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. சொந்தக்காரர்கள் தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணன் தங்கராசு மாமா, கூடவே பூக்கூடை, இவ்வளவும் என் காரில். "மாப்பிள்ளையே டிரைவர் வேலை பாக்குறானாக்கும்" என்று மாமா முனகினார். போகிற வழியில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினேன். பங்க்கில் குழாய் தானாக நின்ற பிறகும், "இன்னும் ஊத்துங்க, இன்னும் ஊத்துங்க" என்று நான்தான் சொன்னேன். பெண் வீட்டுக்குப் போகும்போது பெட்ரோல் முள் நிறைந்த பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு கெத்து.

ஒட்டன்சத்திரம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஏசி என் காரில் பெயருக்குத்தான். காற்று வரும் துவாரம் வழியாகப் பெட்ரோல் வாடை கும்மென்று அடித்தது. முன் சீட்டில் அப்பா தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். ஏற்கெனவே அதிகம் பேசாத மனிதர், இப்போது கண்ணையும் மூடிக்கொண்டார். அவர் காலடியில், துவாரத்துக்கு நேராகப் பூக்கூடை.

"ஏலே, என்னடா மண்ணெண்ணெய்க் கடைக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"முன்னால போற லாரிம்மா."

"முன்னால லாரியே இல்லையேடா!"

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தீப்பெட்டியைக் குலுக்கும் சத்தம். கண்ணாடியில் பார்த்தால் மாமா வாயில் சுருட்டு. "மாமா! வேண்டாம் மாமா!" என்று கத்தினேன்.

"ஏன்டா மாப்ளே, செத்த நேரம் ஒரு சுருட்டுப் பிடிக்கக்கூட நான் ஒங்கிட்ட பெர்மிசன் வாங்கணுமோ?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவிடம் தோற்றுப் போனதாக ஆகிவிடுமே! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "பூ வைக்கப் போறப்ப மாப்பிள்ளை வண்டியில நெருப்பு ஆகாது மாமா. சாத்திரம்" என்றேன். மாமா சுருட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வாயையும் சேர்த்து மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆயக்குடி வரைக்கும் அவர் பேசவே இல்லை. அங்கே போய்ப் பெண் வீட்டாரிடம் எங்களுக்காகப் பேச வேண்டியவரே அவர்தான் என்பதை நான் மறந்தே போனேன்.

பெண் வீட்டு வாசலில் மேளம் முழங்கியது, நடுவே பெரிய கோலம். அதை மிதிக்காமல் காரை ஒட்டி நிறுத்தினேன். வேனில் வந்த சொந்தமெல்லாம் பளபளவென்று நின்றது. நான் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். மகேஸ்வரியின் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தார். சிவப்பு ஆரத்தி நீரில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். பக்கத்தில் மகேஸ்வரியின் சித்திகள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு நீலப் புடவை தெரிந்தது. நான் அந்த ஜன்னலைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, அடக்கமாகத் தலையைக் குனிந்தேன்.

குனிந்ததால்தான் பார்த்தேன். காரின் முன்பக்கத்துக்கு அடியிலிருந்து சொட்டு சொட்டாக எதுவோ ஒழுகிக் கோலத்தை நனைத்துக்கொண்டிருந்தது. கழுத்து வரை நிரப்பிய பெட்ரோல், வெயிலில் பொங்கி, நான் மூடாமல் விட்ட குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கற்பூரம் என் மூக்குக்கு நேரே இருந்தது. என் வருங்கால மாமியார் தட்டை ஒரு சித்தியிடம் கொடுத்துவிட்டு, தீக்குச்சியை எடுத்துப் பெட்டியில் உரசப் போனார்.

"பத்த வைக்காதீங்க!"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். கத்தியதோடு விட்டேனா? பாய்ந்துபோய் மாமியார் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். தட்டு சரிந்து ஆரத்தி நீர் மொத்தமும் என் வேட்டியில் கொட்டியது. தட்டுக்கும் காருக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கபடி ஆடுகிறவன்போல நின்றதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

மகேஸ்வரியின் அப்பா மெதுவாக முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனாலும் மரியாதை குறையவில்லை.

"ஏனுங்க மாப்ள, எங்கூட்டு ஆரத்தி வேண்டாமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து தங்கராசு மாமா இறங்கினார். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததை மொத்தமாக இறக்கினார். "மாப்பிள்ளை அவுகளுக்கு வண்டி பக்கத்துல நெருப்பே ஆகாதுங்க. சாத்திரமாம். எனக்கே வர்ற வழியிலதான் சொன்னாக."

"நெருப்பு ஆகாதுங்களா?" மகேஸ்வரியின் அப்பா குழம்பிப் போனார். சித்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மெல்லக் கேட்டார். "அப்படீன்னா தாலி கட்டறப்ப ஓமம் எப்படிங்க வளக்கறது?"

"ஏனுங்க, மாப்பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லீன்னா நேராச் சொல்லீறலாமுங்களே" என்றார் இன்னொருவர். அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. ஜன்னலைப் பார்த்தேன். நீலப் புடவை அங்கே இல்லை. பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கார் எரிந்து போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

"இஷ்டந்தாங்க! ரொம்ப இஷ்டம்! பெட்ரோல் ஒழுகுதுங்க!" என்று கதறினேன். "சாத்திரமெல்லாம் இல்லீங்க, நானா விட்ட ரீலு. மைலேஜ் கூடும்னு ஒரு டப்பாவக் கழட்டிட்டேன். அதான் ஒழுகுது. எல்லாரும் தள்ளிப் போங்க!"

பெட்ரோல் என்ற வார்த்தை கேட்டதும் கூட்டம் கலைந்த வேகம் இருக்கிறதே! மேளக்காரர் மேளத்தை விட்டுவிட்டு ஓடினார். பிறகு மகேஸ்வரியின் அப்பாதான் ஆட்களைக் கூப்பிட்டார். பட்டு வேட்டி கட்டிய எங்கள் சொந்தமும், அவர் தோப்பு ஆட்களும் சேர்ந்து காரைத் தெருக்கோடிக்குத் தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் விட்டார்கள். ஒழுகிய இடத்தில் கூடை கூடையாக மண் அள்ளிக் கொட்டினார்கள். அவ்வளவு பெரிய கோலம் மண்மேடாகிப் போனது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. நல்ல நேரம் போறதுக்குள்ள பூவ வச்சிருவோம்" என்று அம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணியைப் பிரித்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். மல்லிகை பார்க்க வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. வாசம்தான்... ஒரு சித்தி ஒரு சரத்தை எடுத்து முகர்ந்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க, பூவையும் பெட்ரோல் பங்க்லயே வாங்குனீங்களா?"

அம்மா உட்கார்ந்துவிட்டாள். என் அம்மா அழுது நான் பார்த்தது குறைவு. அன்று அழுதாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உள்ளே போன மாமியார் செத்த நேரம் கழித்து வெளியே வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "புள்ள ஒண்ணு சொல்லச் சொல்லுச்சுங்க" என்றார். "கழட்டுனத மறுபடி மாட்டீட்டு வரச் சொல்லுங்க, அப்பறம் பூ வெக்கலாம்னு சொல்லீருச்சு."

வேனில் இடித்துப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் திரும்பினோம். கார் வேப்பமரத்தடியிலேயே நின்றது. வழியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், என்னிடம் மட்டும் யாரும் பேசவில்லை. மாமா மட்டும் நிம்மதியாகச் சுருட்டைப் பற்றவைத்து ஜன்னலுக்கு வெளியே புகை விட்டார்.

பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடைகளில் அலைந்தேன். என் காருக்கு ஏற்ற டப்பா லேசில் கிடைக்கவில்லை. கடைசியில் மதுரை ரோட்டில் ஒரு கடைக்காரர் குப்பைக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். "இதக் கழட்டி வீசத்தான் எல்லாரும் வருவாக. கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் சார். எதுக்குங்க?" என்றார்.

"கல்யாணம் பண்ண" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மடியில் கரி டப்பாவை வைத்துக்கொண்டு பழனி பஸ்ஸில் ஆயக்குடி போனேன். தெருவே எனக்காகக் காத்திருந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு மகேஸ்வரி குடும்பம் உட்கார்ந்திருக்க, நான் பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஒவ்வொரு குழாயையும் அதனதன் இடத்தில் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினேன். நிமிர்ந்தபோது மகேஸ்வரி மோர் சொம்போடு பக்கத்தில் நின்றாள்.

"உள்ளார என்னங்க இருக்குது?" என்று கேட்டாள்.

அதற்குள் நான் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். ஆவி, கரி, எஞ்சின் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கணக்கு டீச்சர் கவனமாகக் கேட்டாள். பிறகு, "ஸ்க்ரூ ஏதாச்சும் மிச்சமாச்சுங்களா?" என்றாள்.

"இல்லீங்க. ஒண்ணுகூட இல்ல."

கொஞ்சம் தைரியம் வந்து நானும் ஒன்று கேட்டேன். "இம்புட்டுக் கூத்து அடிச்சவன ஏங்க வேண்டாம்னு சொல்லல?"

"அம்மா கையில தீப்பெட்டி, கீழ பெட்ரோல். நீங்க பின்னால ஓடியிருக்கலாம். நடுவால வந்து நின்னீங்க. ஜன்னல்ல பாத்தேன்" என்றாள். "புத்தி கம்மிதான். அத நான் பாத்துக்கறேன்."

மோரைக் குடித்தேன். அதற்கடுத்த முகூர்த்தத்தில் வேறு பூவோடு வந்து அம்மா அவள் தலையில் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார்தான் சீர் கேட்பார்கள், எங்கள் கல்யாணத்தில் பெண் கேட்டு வாங்கிய சீர் ஒரு கரி டப்பா என்று தங்கராசு மாமா எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் கதையில் பெட்ரோல் கூடிக்கொண்டே போகிறது. சமீபத்திய பதிப்பில் தெருவில் ஆறாக ஓடியது.

போன வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை ஆயக்குடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அதே கார்தான். வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். தட்டை ஒரு சித்தியிடம் கொடுத்துவிட்டு, தீக்குச்சியைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, உரசாமல், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, பத்த வெக்கலாங்களா?"

தெருவே சிரித்தது. அந்த வீட்டில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும், அடுப்புப் பற்றவைக்கும்போதுகூட இந்தக் கேள்வி உண்டு. நானும் அப்பாவாகிவிட்ட கம்பீரத்தில், "தாராளமா வைங்க அத்தை" என்றேன்.

மாமியார் அசையவில்லை. அவர் கண் என்னைத் தாண்டிக் காருக்குள் போயிற்று. மகேஸ்வரி குழந்தையைத் தோளில் சாய்த்தபடி இறங்கினாள், காரைச் சுற்றி ஒருமுறை காற்றை முகர்ந்தாள், குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ம், இப்ப வெய்ம்மா."

அதற்குப் பிறகுதான் மாமியார் குச்சியை உரசினார்.